ஓட்டை பார்க்கும் வேலை

ஊத்துக்குளி ரோட்டில், ஏ.டி.எம்முக்கு மேல்மாடியில்
எங்கள் லேப்.
காலை ஆறே முக்கால். கம்பெனி பஸ்கள்
பெருமாநல்லூர்ப் பக்கத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன.
நான் இன்குபேட்டரைத் திறக்கிறேன்.

கருணாம்பிகை, முப்பத்தாறு, பெண். சிறுநீர்.
நேற்றுப் பொழுதோட தட்டில் பூசிய கிருமி
முப்பத்தேழு டிகிரி வெக்கையில் ராத்திரி ஷிப்ட் பார்த்து
தட்டு முழுக்கச் சாம்பல் துணி விரித்திருக்கிறது.
துணி மேல் நான் வைத்த
மருந்துப் பொட்டுகள் ஆறு.

அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்.
ட்யூப்லைட்டுக்கு நேரே துணியைப் பிடித்து
ஓட்டை தேடுகிறவள். ஓட்டை இருந்தால் ரிஜெக்ட்.
எனக்கும் அதே வேலைதான்,
கணக்கு மட்டும் தலைகீழ்:
ஓட்டை விழுந்த இடத்தில்தான்
மருந்து ஜெயித்திருக்கிறது.

ஆம்பிசிலின், கொத்தனாரைத் தடுக்கிற மருந்து.
பெருகும்போது கிருமி தன் சுவரைப் பிரித்துக் கட்டும்;
அந்த நேரம் பார்த்துக் கரண்டியைப் பிடுங்கிவிட்டால்
அரைச்சுவரோடு வீங்கி வெடிக்கும்.
வெடிக்கவில்லை. பொட்டின் விளிம்பு வரைக்கும் துணி.
அதன் பங்காளி செஃப்ட்ரியாக்சோனுக்கும் அதே கதி:
மருந்தின் வளையத்தை நறுக்கிப்போட
இந்தக் கிருமி எங்கேயோ ஒரு கத்தரி வாங்கி வைத்திருக்கிறது.

சிப்ரோ நூல் விவகாரம்.
கிருமியின் மரபுநூல் முறுக்கேறிக்கொண்டே போகும்,
சிக்கெடுக்க ஒரு கை வேண்டும்.
அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும் சிப்ரோ, நூல் அறும்.
இங்கே அறவில்லை.
ஏனென்று சீட்டைப் பார்க்காமலே சொல்வேன்.
எரிச்சல் எடுக்கிறபோதெல்லாம் மெடிக்கலில் போய்
"போன தடவ குடுத்ததுல ரெண்டு குடுங்."
ரெண்டு நாளில் எரிச்சல் நிற்கும், மாத்திரையும் நிற்கும்.
செத்தவை, சாகத் தெரிந்த கிருமிகள்.
தப்பியதற்கு வீடு காலி.

(பையனின் சளிக்கு வாங்கிய அசித்ரோமைசினும்
மஞ்சப்பையில் மிச்சமிருக்கும்.
அது கிருமியின் புரதத் தறியை நிறுத்துகிற மருந்து.
சளியின் வைரசுக்குச் சொந்தத் தறியே கிடையாது.
எதை நிறுத்தும்?)

சல்ஃபா உலையில் பொய்யரிசி போடும்.
ஃபோலேட்டைக் கிருமி தானே ஆக்கித் தின்ன வேண்டும்,
நாம் இலையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம்,
ஆகவே பட்டினி அதற்கு மட்டும்.
இந்தக் கிருமிக்கு அந்தப் பட்டினியும் பழகிவிட்டது.

ஐந்தாவதில் ஓட்டை!
ஸ்கேலை வைத்தேன், இருபது மில்லிமீட்டர்.
ஜென்டாமைசின், பேட்டர்னைத் தப்பாய்ப் படிக்க வைக்கும்,
கிருமி கோணல் கோணலாய்ப் பின்னிப் பின்னிச் சாகும்.
ஆனால் அது ஊசி.
சிறுநீரகத்திடமும் காதிடமும் கூலி கேட்கும்.
ஆறாவது நைட்ரோஃபுரான்டாயின். பழைய ஆள்.
ரத்தத்தில் நில்லாமல் நேரே மூத்திரப்பைக்குப் போய்
ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கடிக்கும்.
இருபத்தொன்று. சுத்தமான வட்டம்.

பத்து மணிக்கு வந்தாள், ஒரு மணி நேரப் பெர்மிஷனில்.
"ஏனுங், டாக்டர் எழுதற மாத்திரையில பாதியத்
தங்கச்சிக்குக் குடுக்கலாங்களா? அவளுக்கும் இதே எரிச்சலுங்."
வேண்டாங், என்றேன். அவங்களுக்கு எந்தக் கிருமியோ,
எந்த மருந்து ஒத்துக்காதோ, வயித்துல புள்ளையோ.
அவங்களும் வந்து பாக்கட்டும்.
எழுதின நாள் முழுக்க நீங்களே முடிங்க. சாப்பாட்டோட.
தலையாட்டினாள்.
தண்ணி நெறையக் குடிங்க, என்றேன்.
அதற்குத்தான் சிரித்தாள்.
"குடிச்சாப் போகோணுமில்லீங்.
நாப்பது பேருக்கு ஒரு டோக்கனுங்.
அது சுத்தி வர்ற வரைக்கும் அடக்கிக்கறதுதானுங்."

ரிப்போர்ட்டில் ஆறு மருந்துக்கு ஆறு கட்டம்.
நாலில் ஆர், ரெண்டில் எஸ்.
டோக்கனுக்குக் கட்டமில்லை.
கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.
வாங்கியவள், கைப்பழக்கம்,
ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஒருமுறை பார்த்தாள்.